நகராத நிலத்தின் 1500 கிலோமீட்டர்

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் கடலோரமும் அதை ஒட்டிய கனடாவின் கிழக்கு மாகாணங்களும் சேர்ந்த நிலப்பகுதியைப் புவியியலாளர்கள் அகாடியா என்பார்கள். 1978-இல் டென்னிஸ் கென்ட், நீல் ஆப்டைக் என்ற இருவர் இந்த அகாடியாவைப் பற்றி ஒரு முடிவை வெளியிட்டார்கள். டெவோனியன் காலத்தில் அது இன்று இருக்கும் இடத்தில் இல்லை; வட அமெரிக்காவோடு ஒப்பிட்டால் சுமார் 1500 கிலோமீட்டர் தெற்கே கிடந்தது; பிறகு கார்பனிஃபெரஸ் காலத்தில் கண்டத்தின் விளிம்பை உரசிக்கொண்டு வடக்கே வந்து சேர்ந்தது. சான்று, கண்டத்துப் பக்கத்துக் கேட்ஸ்கில் சிவப்புப் படிவுகளில் உறைந்திருந்த காந்தத் திசை. மூன்று ஆண்டு கழித்து ராப் வான் டெர் வூவும் கிறிஸ்டோபர் ஸ்கோடீஸும் இதே தர்க்கத்தை அட்லாண்டிக்கின் மறுகரைக்குக் கொண்டுபோனார்கள். ஸ்காட்லாந்தைக் குறுக்கே வெட்டும் கிரேட் கிளென் பிளவில் 2000 கிலோமீட்டர் நகர்வு நடந்திருக்க வேண்டும் என்றார்கள்.

ஸ்காட்லாந்தின் களப் புவியியலாளர்களுக்கு இது செரிக்கவில்லை. அதே பிளவில் சுமார் 105 கிலோமீட்டர் நகர்வு என்று கென்னடி 1946-இல் சொன்னதையே அவர்கள் பல்லாண்டு விவாதித்துக்கொண்டிருந்தார்கள். பிளவின் இருபுறமும் உள்ள பாறைகளைப் பார்த்தால் 2000 கிலோமீட்டருக்கு இடமே இல்லை. அகாடியாவிலும் அப்படித்தான். அவ்வளவு பெரிய சறுக்கலைத் தாங்கக்கூடிய பிளவு எது என்று யாராலும் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை.

1984-இல் டெட் இர்விங்கும் டேவிட் ஸ்ட்ராங்கும் மேற்கு நியூஃபவுண்ட்லாந்தின் டீர் லேக் படிவுகளை அளந்தார்கள். அவை அகாடியாவுக்கு வெளியே, பழைய கண்டத்தின் மேலேயே படிந்தவை. அவற்றின் தொடக்கக் கார்பனிஃபெரஸ் காலத் திசையோ அகாடியாவின் திசையோடு ஒத்துப்போனது. 1986-இல் கென்டே ஜான் மில்லரோடு சேர்ந்து கேட்ஸ்கில் படிவுகளுக்குத் திரும்பினார். இம்முறை மாதிரிகளைப் படிப்படியாகச் சூடேற்றி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்த காந்தங்களைப் பிரித்தார்கள். பாறையில் இரண்டு திசைகள் இருந்தன. ஒன்று அடுக்குகள் மடிவதற்கு முந்தியது. மற்றது மடிந்துகொண்டிருந்தபோது பதிந்தது. அகாடியா நகரவில்லை. ஒப்பீட்டுக்கு அளவுகோலாக வைத்துக்கொண்ட கண்டத்துப் பாறைகளின் திசை, அந்தப் பாறைகளின் வயதைச் சேர்ந்ததாக இல்லை. டெவோனியன் பாறையில் பெர்மியனுக்கு நெருங்கிய காலத்தின் காந்தத்தை அளந்து, அதை டெவோனியன் என்று வரைபடத்தில் குறித்ததுதான் நடந்தது. காலத்தில் ஏற்பட்ட பிழை தூரமாகத் தெரிந்தது.

சில கோடி ஆண்டுகள் தப்பினால் அது எப்படிக் கிலோமீட்டராக மாறுகிறது? பூமியின் காந்தப்புலத்தைச் சில ஆயிரம் ஆண்டுகளுக்குச் சராசரி எடுத்தால், அது பூமியின் சுழல் அச்சோடு ஒத்துப்போகும் ஒரு சட்டக் காந்தம்போல் நடந்துகொள்கிறது. நிலநடுக்கோட்டில் அதன் விசை கிடையாக ஓடும். முனைகளில் செங்குத்தாக இறங்கும். இடையே அட்சரேகைக்கு ஏற்பச் சாயும். (இன்றைய காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியைத் தொட்டுச் செல்வதால் திருநெல்வேலிப் பக்கம் காந்த ஊசி ஏறக்குறைய படுத்தே கிடக்கும்.) ஆகவே ஒரு பாறையில் உறைந்த சாய்கோணம் தெரிந்தால், அது உறைந்தபோது பாறை எந்த அட்சரேகையில் இருந்தது என்று கணக்கிட்டுவிடலாம். 1956-இல் கிளெக், டாயிச், கிரிஃபித்ஸ் மூவரும் தக்காணத்து எரிமலைப் பாறைகளை அளந்து, இந்தியா தென்கோளத்திலிருந்து வந்தது என்பதற்குச் சான்று தந்தது இந்த வழியில்தான். எரிமலைக் குழம்பில் சிக்கல் குறைவு. ஆறும்போது காந்தம் பூட்டிக்கொள்கிறது. ஆறிய நாளே பாறையின் பிறந்த நாளும்.

படிவுப் பாறை அப்படியல்ல. கடலடிச் சேற்றில் மெல்ல இறங்கும் மேக்னடைட் துகள்கள் அன்றைய புலத்தின் திசையில் ஓரளவு அணிவகுக்கும். சேறு இறுகும்போது அந்த அணிவகுப்பும் இறுகும். பாடப்புத்தகம் அங்கே நின்றுவிடுகிறது. சேறோ அதற்குப் பிறகு பல கோடி ஆண்டு வாழ்கிறது. மேலே கிலோமீட்டர் கணக்கில் படிவு ஏறுகிறது, சூடு ஏறுகிறது, உப்புநீர் ஊடுருவுகிறது, களிமண் வேறு களிமண்ணாக மாறுகிறது, கடைசியில் ஒரு கண்டம் வந்து மோதி எல்லாவற்றையும் மடிக்கிறது.

இது தெரியாமல் யாரும் இருந்துவிடவில்லை. 1949-இலேயே ஜான் கிரஹாம் ஓர் எளிய சோதனையைச் சொல்லிவிட்டார். மேரிலாந்தின் ரோஸ் ஹில் அடுக்குகள் மடிந்து கிடக்கின்றன. மடிப்பின் இரு கைகளிலும் காந்தத் திசையை அளந்து, பிறகு கணக்கில் அடுக்குகளைத் திருப்பிக் கிடையாக்கிப் பார். சிதறியிருந்த திசைகள் ஒன்றுகூடினால் காந்தம் மடிப்புக்கு முந்தியது. ஒன்றாக இருந்தவை சிதறினால் பிந்தியது. மடிப்புச் சோதனை என்ற பெயரில் இன்றும் இதுவே தொல்காந்தவியலின் முதன்மைச் சோதனை. ஆனால் அது சொல்வது ஒன்றுதான்: காந்தம் மடிப்புக்கு முன்னா, பின்னா. பாறை படிந்ததற்கும் மடிந்ததற்கும் நடுவே பத்துக் கோடி ஆண்டு கிடந்தால் அந்த இடைவெளியைப் பற்றி அது வாயே திறக்காது.

1968-இல் கென்னத் கிரீர் ஐயத்தை வெளிப்படையாகவே எழுப்பினார். பழைய பாறைகளின் திசைகள் பல, பெர்மியன் பாறைகளின் திசையைச் சந்தேகப்படும் அளவுக்கு ஒத்திருந்தன. ஐந்தாண்டு கழித்து மெக்எல்ஹினியும் ஆப்டைக்கும் நியூயார்க் மாநிலத்தின் டிரென்டன் சுண்ணாம்புக்கல்லை அளந்து, பழைய பாறைகள் பின்னாளில் புதிய காந்தத்தை ஏற்றுக்கொண்டன என்னும் மறுகாந்தமாக்கக் கருதுகோள் தள்ளுபடியாகிறது என்று கட்டுரையின் தலைப்பிலேயே அறிவித்தார்கள். அவர்களின் நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. சிவப்புப் படிவுகளில் காந்தத்தைத் தாங்குவது ஹெமடைட். அது நீரிலும் காற்றிலும் எப்போது வேண்டுமானாலும் உருவாகக்கூடியது. டிரென்டன் கல்லில் இருப்பதோ மேக்னடைட். மேக்னடைட் எரிமலைப் பாறையிலிருந்து அரித்து வந்து படிவது. குறைந்த சூட்டில் கடல் சுண்ணாம்புக்குள் தானாக வளராது என்பது அன்றைய பொதுக் கருத்து. கனிமம் பழையது, ஆகவே காந்தமும் பழையது. இத்துறையின் வரலாற்றில் இதைவிடக் கற்றுக்கொடுக்கும் பிழை வேறில்லை என்பது என் எண்ணம். அளவீட்டில் தவறில்லை, தர்க்கத்திலும் தவறில்லை. யாரும் சோதிக்காத ஒரு முன்னனுமானத்தில் இருந்தது தவறு.

அதைச் சோதிக்க வேண்டுமானால் கல்லைக் கரைத்தாக வேண்டும். சாட் மெக்கேப், வான் டெர் வூ முதலானோர் 1983-இல் அதைச் செய்தார்கள். சுண்ணாம்புக்கல்லை அமிலத்தில் கரைத்து, எஞ்சியதிலிருந்து காந்தத்தால் மேக்னடைட்டைப் பிரித்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தார்கள். அரித்து வந்த துகள் கோணல்மாணலாக, உடைந்த விளிம்போடு இருக்க வேண்டும். எரிமலைப் பாறையின் அடையாளமாக டைட்டேனியம் கலந்திருக்க வேண்டும். அங்கே தெரிந்தவை உருண்டைகளும் உருண்டைக் கொத்துகளும். டைட்டேனியம் ஏறக்குறைய இல்லை. அந்த மேக்னடைட் எங்கிருந்தும் வந்து படியவில்லை, கல்லுக்குள்ளேயே வளர்ந்தது. அடுத்த ஆண்டு அதே குழுவினர் டிரென்டன் கல்லுக்கும் இதே தீர்ப்பை எழுதினார்கள். 45 கோடி ஆண்டு வயதான கல், அதன் காந்தமோ 30 கோடி ஆண்டுக்கும் குறைந்தது.

பட்டியல் வேகமாக நீண்டது. நியூயார்க்கின் டெவோனியன் கால ஹெல்டர்பர்க் சுண்ணாம்புக்கல், தெற்கு அப்பலாச்சியனின் நாக்ஸ் டோலமைட், மலைத்தொடரிலிருந்து மிகத் தள்ளி மிசௌரியில் ஈயத் தாதைச் சுமந்து கிடக்கும் கேம்பிரியன் கால பானெடெர் டோலமைட். வயதில் பத்துக் கோடி ஆண்டு வித்தியாசம் உள்ள பாறைகள், திசை ஒன்றே. தென்கிழக்கைச் சார்ந்த தெற்கு, மிகக் குறைந்த சாய்வு, எல்லாமே தலைகீழ்த் துருவம். நிலநடுக்கோட்டுக்கு அருகில் வட அமெரிக்கா இருந்த பேலியோசோயிக்கின் கடைசிக் காலத்துக்கே அது பொருந்தும்.

எல்லாமே தலைகீழ் என்பது பெரிய துப்பு. பூமியின் காந்தப்புலம் வழக்கமாகச் சில லட்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறை தலைகீழாகத் திரும்பும். ஆர்டோவிசியன் பாறை என்றால் நேர், தலைகீழ் இரண்டும் கலந்து கிடைக்க வேண்டும். கார்பனிஃபெரஸ் நடுவிலிருந்து பெர்மியனுக்குள் நீளும் சுமார் 5 கோடி ஆண்டுகள் மட்டும் புலம் ஏறக்குறைய ஒரே தலைகீழ் நிலையில் நின்றது. இர்விங்கும் பாரியும் 1963-இல் அதற்குக் கியாமன் என்று பெயரிட்டார்கள்; நியூ சவுத் வேல்ஸின் கியாமா ஊரின் பெயர் அது. ஆப்பிரிக்கப் பக்கத்திலிருந்து கோண்டுவானா வந்து வட அமெரிக்காவை மோதி அலகெனி மலையாக்கத்தை நடத்தியதும் இந்தக் காலத்தில்தான். இந்தக் காந்த மறுபதிவு நடந்த நேரமும் மலை எழுந்த நேரமும் ஒன்று. அப்படியானால் மலை என்ன செய்தது?

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது சூடு. மேக்னடைட் 580 டிகிரி செல்சியஸில் காந்தத்தை முற்றிலும் இழக்கும். ஆனால் அதைவிடக் குறைந்த சூட்டிலும் போதிய காலம் வைத்திருந்தால் பழைய பதிவு தளர்ந்து, அப்போதைய புலத்தின் திசை ஏறும். எவ்வளவு சூட்டுக்கு எவ்வளவு காலம் என்ற கணக்கை ஜி. புல்லையா, இர்விங், புகன், டன்லப் நால்வரும் 1975-இல் வரைகோடுகளாகத் தந்தார்கள். இன்றும் ஆய்வகங்கள் பயன்படுத்தும் வரைபடம் அது. பாறை அடைந்த உச்சச் சூட்டை அளக்க வழியும் கிடைத்தது. கோனோடான்ட் என்னும் நுண்ணிய பல் போன்ற புதைபடிவங்கள் சூடு ஏற ஏற வெளிர் மஞ்சளிலிருந்து பழுப்பு, கறுப்பு என்று நிறம் மாறுகின்றன. எப்ஸ்டைன் இருவரும் லியோனார்ட் ஹாரிஸும் 1977-இல் அந்த நிறங்களை வெப்பமானியாக்கினார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது. பல இடங்களில் சுண்ணாம்புக்கல் அடைந்த சூடு அதன் காந்தத்தை அழித்தெழுதப் போதாது. கென்ட் 1985-இல் சூட்டின் பக்கம் நின்று வாதாடினார். சில அப்பலாச்சியன் கற்களில் அவர் சொன்னது பொருந்தவும் செய்யலாம். மிசௌரி வரை விரிந்த மறுபதிவை அதனால் விளக்க முடியாது.

ஆகவே வேதியியல். புதிய மேக்னடைட் வளர்ந்தது, வளரும்போதே அன்றைய புலத்தைப் பதிந்துகொண்டது. இந்த வளர்ச்சியின் இயற்பியல் வியப்பானது. லூயி நேல் 1949-இல் தந்த கோட்பாட்டின்படி, ஒரு நுண்துகள் தன் காந்தத் திசையை எத்தனை காலம் நினைவில் வைக்கும் என்பது அதன் கன அளவோடு அடுக்குக்குறி வேகத்தில் ஏறுகிறது. சுமார் 30 நானோமீட்டருக்குக் குறைந்த மேக்னடைட் துகளுக்கு நினைவே இல்லை. வெப்ப அதிர்வு அதை நொடிக்கு நொடி புரட்டிக்கொண்டே இருக்கும். 100 நொடி மட்டும் நினைவு தாங்கும் ஒரு துகளை எடுத்துக்கொள்வோம். அதன் விட்டம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் போதும். கோட்பாட்டுக் கணக்கில் அதன் நினைவு 100 கோடி ஆண்டைத் தாண்டிவிடுகிறது. சில நானோமீட்டர் வளர்ச்சியில் மறதி நிரந்தர நினைவாகிவிடுகிறது. சூடு கொஞ்சமும் தேவையில்லை.

வளரத் தேவையான இரும்பு எங்கிருந்து வந்தது? இங்கேதான் கட்சிகள் பிரிகின்றன. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜாக் ஆலிவர் 1986-இல் ஒரு பெரிய படத்தை வரைந்தார். மோதும் கண்டத்தின் பாறைத் தகடுகள் படிவுகளின்மேல் ஏறி வரும்போது, ஈரத்தரையில் நீரைத் தள்ளும் ரப்பர் துடைப்பான்போல, துளைகளிலிருந்த சூடான உப்புநீரை உள்நாட்டை நோக்கித் தள்ளுகின்றன. அந்த நீர் எண்ணெயை நகர்த்தியது, ஈயத்தையும் துத்தநாகத்தையும் கொண்டுபோய்ப் படியவைத்தது, நிலக்கரியை முதிர்த்தியது, சுண்ணாம்புக்கல்லில் மேக்னடைட்டையும் வளர்த்தது. அதே உப்புநீர் தொட்ட கேம்பிரியன் சுண்ணாம்புப் படிவுகளில் வளர்ந்த பொட்டாசிய ஃபெல்ட்ஸ்பாரை ஹெர்னும் சட்டரும் ஆர்கான் முறையில் காலக்கணிப்புச் செய்தபோது வயது 28 முதல் 32 கோடி ஆண்டு என்று வந்தது. காலம் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆலிவரின் கட்டுரை இத்தனை பேரைக் கவர்ந்ததற்கு அதன் அழகும் ஒரு காரணம். தனித்தனியே கிடந்த நான்கு புதிர்களுக்கு ஒரே சாவி.

அழகு ஒருபக்கம் இருக்க, ஓக்லஹோமாவில் டக்ளஸ் எல்மோரும் அவருடைய மாணவர்களும் அந்தச் சாவியைப் பூட்டில் போட்டுத் திருப்பிப் பார்த்தார்கள். வெளியிலிருந்து நீர் வந்திருந்தால் ஸ்ட்ரான்ஷியம் ஐசோடோப்புகள் காட்டிக்கொடுக்கும். கண்டத்துப் பாறைகளைத் தொட்டு வந்த நீரில் ஸ்ட்ரான்ஷியம்-87 கூடுதலாக இருக்கும். கனிம நரம்புகளுக்குப் பக்கத்தில் அந்தத் தடயம் கிடைத்தது, புதிய காந்தமும் கிடைத்தது. நரம்புகளிலிருந்து தள்ளி, பாறை முழுக்கப் பரவியிருந்த புதிய காந்தம் உள்ள பல இடங்களிலோ ஐசோடோப்பு விகிதம் படிவு உருவான காலத்துக் கடல்நீரின் விகிதமாகவே இருந்தது. அங்கே வெளியார் நீர் வந்த அறிகுறி இல்லை. காந்தம் மட்டும் புதிது.

அதற்கு அவர்கள் முன்வைத்த விடை களிமண். ஸ்மெக்டைட் என்னும் களிமண் சுமார் 100 டிகிரியை ஒட்டிய புதைவுச் சூட்டில் இல்லைட்டாக மாறும். மாறும்போது தன்னிடமிருந்த இரும்பை வெளியே விடும். தென்கிழக்குப் பிரான்சின் வொகோன்ட் வடிநிலத்தில் காட்ஸ், எல்மோர் குழு 1998-இல் இதைக் காட்டியது. ஸ்மெக்டைட் இல்லைட்டாக மாறிய இடங்களில் மறுபதிவு உண்டு. மாறாத இடங்களில் இல்லை. ஒரே வடிநிலம். முக்கிய வித்தியாசம் களிமண். இன்னொரு வழியும் உண்டு. 1990-இல் சுக், பீகோர், வான் டெர் வூ மூவரும் சுண்ணாம்புக்கல்லில் பைரைட் என்னும் இரும்புக் கனிமத்தின் உருண்டைகளை மேக்னடைட் தின்று இடம்பிடிப்பதை நுண்ணோக்கியில் பிடித்தார்கள். 1983-இல் பார்த்த உருண்டை வடிவங்கள் எங்கிருந்து வந்தன என்பதும் அதோடு தெளிந்தது. சேற்றில் அழுகிய உயிர்ப்பொருள் உண்டாக்கிய பைரைட்டின் அச்சில் வார்த்த மேக்னடைட் அவை.

நீரா, களிமண்ணா என்ற வழக்கு முடிந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. முடியவும் தேவையில்லை. தாதுப் படிவுகளையும் பிளவுகளையும் ஒட்டிய மறுபதிவுக்கு நீர்தான் காரணம் என்பதில் பெரிய சந்தேகமில்லை. பெரும் பரப்பில் ஒரே சீராகக் கிடப்பதற்குப் புதைவும் களிமண்ணும் நல்ல விளக்கம். களிமண் மிகக் குறைந்த தூய டோலமைட்டில் மட்டும் இரண்டாவது விளக்கம் தடுமாறுகிறது. மலையாக்கம் இரண்டு வழியிலும் குற்றவாளிதான். ஒன்றில் அது நீரை அனுப்புகிறது. மற்றதில், எழும் மலையிலிருந்து அரித்து வரும் மணலையும் சேற்றையும் முன்னிலத்தில் கொட்டிப் பழைய படிவுகளை ஆழப் புதைக்கிறது.

மறுபதிவை அடையாளம் காண ஒரு கைரேகையும் கிடைத்தது போலிருந்தது. 1990-இல் மைக் ஜாக்சன் அளந்த சுண்ணாம்புக்கற்களின் காந்தத் தயக்க வளையங்கள் நடுவில் ஒடுங்கி, இரு முனையிலும் விரிந்திருந்தன. நினைவில்லாத மிக நுண்ணிய துகள்களும் நினைவுள்ள சற்றுப் பெரிய துகள்களும் கலந்திருப்பதன் அடையாளம் அது; வளர்ந்துகொண்டிருந்தபோது பாதியில் நின்றுபோன ஒரு கூட்டத்தில் எதிர்பார்க்க வேண்டியதும் அதுவே. பிறகு பல ஆய்வாளர்கள் இந்த வடிவத்தைப் பார்த்தவுடனே மறுபதிவு என்று முத்திரை குத்தத் தொடங்கினார்கள். ஜாக்சனே 2012-இல் ஸ்வான்சன்-ஹைசெலோடு இதை மறுபரிசீலனை செய்தார். வளர்ந்தது மேக்னடைட் என்பதை வளையம் சொல்லும். எப்போது வளர்ந்தது என்பதைச் சொல்லாது.

1980-கள் முழுவதும் மறுபதிவு ஒரு கறையாகவே பார்க்கப்பட்டது. வான் டெர் வூ 1990-இல் வகுத்த ஏழு தர அளவுகோல்களில் ஏழாவதே அதுதான்: கிடைத்த காந்த முனை பிந்திய காலத்து முனையோடு ஒத்திருந்தால் மதிப்பெண் கிடையாது. பின்னாளில் அவரும் ஆர்லோ வைலும் வட ஸ்பெயினின் கான்டாப்ரிய மலைகளில் அந்தக் கறையையே கருவியாக்கினார்கள். அங்கே மலைத்தொடர் ஏறக்குறைய முழு அரைவட்டமாக வளைந்து கிடக்கிறது. பிறவியிலேயே வளைவா, நேராக இருந்து பின்னர் வளைந்ததா என்பது பழைய கேள்வி. டெவோனியன் சுண்ணாம்புக்கற்களில் கார்பனிஃபெரஸ் இறுதியில் ஏறிய இரண்டாம் காந்தத்தை அளந்தபோது, மலையின் திசை மாற மாற அந்தக் காந்தத் திசையும் கூடவே திரும்பியது. மறுபதிவு ஏறியபோது தொடர் கிட்டத்தட்ட நேராக இருந்திருக்கிறது. வளைவு அதற்குப் பிறகு வந்தது. டெவோனியன் காலத்து முதல் காந்தத்தால் இந்த வேலையைச் செய்திருக்க முடியாது. மடிப்பும் வளைவும் சேர்ந்த மொத்தத்தை மட்டுமே அது சொல்லியிருக்கும். இடையில் ஏறிய காந்தம் இரண்டையும் பிரித்துக் காட்டியது.

நமக்கு அருகிலும் ஒரு வழக்கு நடக்கிறது. சிக்கிம் எல்லைக்கு வடக்கே, திபெத்தின் கம்பா பகுதியில், இந்தியத் தட்டின் வடவிளிம்பில் கடலடியில் படிந்த பேலியோசீன் சுண்ணாம்புக்கற்கள் இருக்கின்றன. இந்தியா ஆசியாவை எப்போது தொட்டது, மோதலுக்கு முன் இந்தியாவின் வடக்கு நிலம் எவ்வளவு நீண்டிருந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் அவற்றின் காந்தத்தை ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள். 2017-இல் வென்தாவ் ஹுவாங்கும் பிறரும் அந்தக் கற்களை நுண்ணோக்கியில் வைத்தபோது அப்பலாச்சியனில் பார்த்ததே தெரிந்தது: பைரைட்டின் இடத்தில் மேக்னடைட். கம்பாக் கற்கள் மடிப்புச் சோதனையில் தேறியவை. ஆனாலும் மோதல் தொடங்கிய பிறகும் மடிப்புக்கு முன்பும் காந்தம் புதிதாக ஏறியிருக்கலாம் என்ற வாய்ப்பு அடைபடவில்லை. ஹுவாங்கின் முடிவை எல்லோரும் ஏற்கவில்லை. ஆனால் பந்தயம் பெரிது. அந்நாளில் இந்தியா ஆண்டுக்கு சுமார் 15 சென்டிமீட்டர் வேகத்தில் வடக்கே ஓடிக்கொண்டிருந்தது. அளந்த திசைக்கு வைக்கும் வயது 10 லட்சம் ஆண்டு தப்பினால் வரைபடத்தில் 150 கிலோமீட்டர் தப்பும். அதனால் கம்பாவில் இனி எடுக்கும் ஒவ்வொரு மாதிரிக்கும் காந்தமானியோடு எலக்ட்ரான் நுண்ணோக்கியும் தேவை. திசையை அளப்பதற்கு முன், அதைத் தாங்கும் துகள் சேற்றோடு வந்ததா, கல்லுக்குள் வளர்ந்ததா என்று பார்த்தாக வேண்டும்.